பஸ் பத்து நிமிஷம் நிக்கும்

சென்னையிலிருந்து தெற்கே பஸ்ஸில் போனவர்களுக்கு விக்கிரவாண்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண் அசரும் நேரத்தில் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் டமடமவென்று தட்டி, ‘‘பஸ் பத்து நிமிஷம் நிக்கும்... டீ, காபி, டிபன் சாப்பிடறவங்க சாப்பிடலாம்’’ என்று ஒரு குரல் கேட்குமே, அந்த ஊர்தான். பத்து நிமிஷம் என்பது ஒரு நம்பிக்கை. டிரைவரும் கண்டக்டரும் சாப்பிட்டுப் பல் குத்திக்கொண்டே வெளியே வரும் வரை பத்து நிமிஷம்தான்.

சில மாதங்களுக்கு முன் அக்காவோடும் அவள் மகனோடும் கும்பகோணம் போனேன். பையனுக்குப் பதிமூன்று வயசு. டுஷேன் தசைச் சிதைவு நோய். பத்து வயசிலேயே சக்கர நாற்காலி. பஸ்ஸில் தூக்கித்தான் ஏற்றினோம். விக்கிரவாண்டியில் எல்லோரும் இறங்கிவிட, நானும் அவனும் மட்டும் உள்ளே.

‘‘மாமா, ஜீன்லயும் இப்படி நடுவுல நடுவுல மோட்டல் வரும், தெரியுமா?’’ என்றான்.

நான் பி.காம்.! எனக்குத் தெரிந்த ஜீன்ஸ் இடுப்பில் மாட்டுவது. அவன் சொன்னதையும், அப்புறம் நான் படித்ததையும் கலந்து சொல்கிறேன், கேளுங்கள்.

ஜீன் என்பது புரதம் செய்வதற்கான சமையல் குறிப்பு. ஆனால் தொடர்ச்சியாக இருக்காது. உருப்படியாகக் கொஞ்சம், அது எக்ஸான். பிறகு ஒரு மோட்டல், அது இன்ட்ரான். செல் மொத்தத்தையும் நகலெடுத்து, இன்ட்ரான்களை வெட்டியெறிந்து, மிச்சத்தை ஒட்டுகிறது. 1977ல் ஃபிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்து, 1993ல் நோபல் வாங்கினார்கள். (மோட்டல் சுத்த தண்டம் என்றும் சொல்ல முடியாது. மாற்றி மாற்றி ஒட்டி, ஒரே ஜீனிலிருந்து பல புரதங்கள் செய்ய அது உதவுகிறது.)

பையனைப் படுத்தும் டிஸ்ட்ரோஃபின் ஜீன் இருக்கிறதே, சுமார் 22 லட்சம் எழுத்து. நகலெடுக்கவே 16 மணி நேரம். அதற்குள் நீங்கள் கும்பகோணம் போய்த் திரும்பியே வந்துவிடலாம். 79 எக்ஸான்களையும் ஒட்டினால் தேறுவது சுமார் 14,000 எழுத்து. எங்கள் கணக்குப்படி, 100 ரூபாய் வசூலில் 64 பைசா!

‘‘எல்லா உயிருக்கும் இவ்வளவு பெரிய மோட்டலா?’’ என்றேன்.

‘‘இல்ல மாமா’’ என்று ஜன்னலுக்கு வெளியே தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டினான். அந்த மாதிரித் தண்ணீரில் வாழும் ஒரு செல் பிராணி பாரமீசியம். 2006ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்தால் சுமார் 40,000 ஜீன். நம்மைப்போல இரண்டு மடங்கு. இன்ட்ரான்களோ சராசரி 25 எழுத்துதான். நாகஸ்வர அணசு போல வாயை விரித்திருக்கும் ஸ்டென்டார் என்ற இன்னொரு ஒரு செல் பிராணியிடம் வெறும் 15, 16 எழுத்து என்று 2017ல் தெரிந்தது. கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் கிளம்பிவிடுகிற பஸ்!

இதில் ஒரு சாமர்த்தியம் வேறு. ஒட்டிய நகலை ரைபோசோம் (நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009ல் நோபல் வாங்கினாரே, அதே விஷயம்) மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். பாரமீசியம் ஒரு இன்ட்ரானை வெட்ட மறந்துவிட்டால், பெரும்பாலும் மூன்றின் கணக்கு தப்பியோ, உள்ளே இருக்கும் குறியாலோ, ‘நிறுத்து’ என்று வந்துவிடும். தப்பு நகல் குப்பைக்குப் போகும். 2008ல் கண்டுபிடித்தார்கள். ஆடிட்டர்கள் பொறாமைப்படலாம்.

பையனுக்கு அந்தக் கணக்குதான் வினை. அவன் ஜீனில் நடுவே சில எக்ஸான்களையே காணோம். மிச்சத்தை ஒட்டும்போது மூன்றின் கணக்கு தப்பி, பாதியிலேயே ‘நிறுத்து’. இன்னொரு எக்ஸானையும் தாண்டவைத்துக் கணக்கைச் சரிக்கட்டும் மருந்துக்கு 2016ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலன் எவ்வளவு என்பதில் இன்றும் சண்டை. நூறில் சுமார் 13 பேருக்குத்தான் அது பொருந்தும். அந்த 13ல் இவன் இல்லை.

இதையெல்லாம் பஸ் டைம் சொல்வதுபோல் சொன்னான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினான். ‘‘மாமா, என்னாலதான் இவனுக்கு வந்துதுன்னு அம்மா ராத்திரில அழறாங்க. அப்பாயியும் அப்படியே பேசுது. மூணுல ஒரு பங்கு பேருக்கு இது புதுசா வர்றது, அம்மாகிட்டருந்து வராது. அப்படியே வந்தாலும் அவங்க தப்பா என்ன? நான் சொன்னா சமாதானம் சொல்றேன்னு நினைக்கிறாங்க. நீங்க பேப்பர்ல எழுதறவர். நீங்க சொல்லுங்க.’’

கண்டக்டர் விசில் அடித்தார். அக்கா இரண்டு டம்ளர் டீயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுமாக ஏறி வந்தாள்.

‘‘என்ன, மாமாவும் மருமகனும் அப்படிப் பேச்சு?’’

‘‘மோட்டலைப் பத்திம்மா’’ என்றான்.

நான் டீயை வாங்கிக்கொண்டு, ‘‘உட்காருக்கா, கும்பகோணம் போறதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்’’ என்றேன்.