கட்டுத்தறி

கம்பர் பிறந்த தேரழுந்தூருக்கு அருகே, பாழடைந்து கிடந்த எங்கள் மாட்டுக்கொட்டிலை வீடாக்கினோம். சுண்ணாம்புக் காரையால் எழுந்த பழஞ்சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உப்பரித்து உதிரும். எனவே கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பையே பூசினோம். நாட்டு ஓடுகளைப் பிரித்துக் கழுவி மீண்டும் வேய்ந்தோம். தீவனத் தொட்டி இருந்த சுவரோரம் நூலடுக்காயிற்று.

கூடத்தின் நடுவே இடைஞ்சலாக நின்ற கட்டுத்தறியை அண்ணனும் தம்பியுமாக அசைத்தபோது, “அது இருக்கட்டும்டா” என்றார் அம்மா. கடைசிப் பசுவை விற்று எங்கள் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய நாளில், அப்பா கயிற்றை அவிழ்த்தது அதிலிருந்துதான்.

கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்பார்கள். எங்கள் தறி பாடியதில்லை. எங்களைப் படிக்க வைத்தது. இப்போதும் அங்கேயே நிற்கிறது. வருவோர் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.