எண்ணும் எழுத்தும்

எண்ணும் எழுத்தும் மாந்தர்க்கு இரு கண்கள் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. அவ்விரண்டும் ஒரு தகட்டில் ஏறிச் சந்தைக்கு வருமென அவர் எண்ணியிருக்க மாட்டார்.

மலேசியக் கார்களின் பதிவெண் எழுத்தில் தொடங்கும். ஜொகூருக்குரிய எழுத்து ‘ஜே’. அடையாளம் காட்டவே அமைந்த இம்முறை, நாளடைவில் பெருமைக்கும் நம்பிக்கைக்கும் இடமாயிற்று. சீனர்க்கு நான்கு என்னும் ஒலி சாவை நினைவூட்டும். எட்டு வளத்தை உணர்த்தும். தமிழரிலும் இலக்கங்களைக் கூட்டிப் பலன் காண்போர் உளர். 2012இல் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1’ என்னும் எண்ணை ஜொகூர் சுல்தான் அவர்கள் 520,000 வெள்ளிக்குப் பெற்றார். 2019 முதல் சாலைப் போக்குவரத்து இலாகா இணையவழி ஏலமும் நடத்துகிறது.

ஜொகூர் பாருவின் புறநகரில் இளைஞர் ஒருவர் எண்களையும் பழைய இயந்திரங்களையும் விற்கிறார். ஜப்பானில் இரண்டாக வெட்டப்பட்டு வரும் ‘ஹாஃப் கட்’ கார்கள் அவர் கடையின் பின்புறத்தில் கிடக்கின்றன. 1993இல் வெளிவந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. ஆதலால் லான்சரின் டர்போ இயந்திரத்தை வீராவில் பொருத்த விரும்பும் இளைஞர்கள் அவரை நாடி வருவர்.

ஒருநாள், தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற முதியவர் தம் பழைய வீராவோடு வந்தார். பேத்தியின் படிப்புக்குப் பணம் தேவை.

“தம்பி, இந்த இயந்திரம் என்ன விலைக்குப் போகும்?”

“இயந்திரம் தேய்ந்துவிட்டது, ஐயா. அதற்கு அதிகம் கிடைக்காது. ஆனால், உங்கள் எண்ணுக்கு நல்ல விலை உண்டு.”

முதியவர் திகைத்தார். அது வரிசையில் தற்செயலாக வந்த எண். ஆயினும் அது செல்வர் ஒருவரின் பிறந்த ஆண்டு. அவர் அதனை நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார். இலாகாவின் ஒப்புதலோடு ஒரு காரின் எண்ணை மற்றொரு காருக்கு மாற்றலாம் என்பதை முதியவர் அறியார்.

பழைய இரும்பின் விலை கொடுத்துக் காரை முழுதாக வாங்கியிருந்தால் இளைஞருக்குப் பெரும் இலாபம். கேட்பாரும் இல்லை. அவரோ செல்வர் தருவதாகச் சொன்ன தொகையை மறைக்காமல் கூறித் தம் தரகை மட்டும் பெற்றுக்கொண்டார்.

எண்ணுக்கு எடை இல்லை. பழைய இயந்திரத்தின் உட்பழுதோ கண்ணுக்குப் புலனாவதில்லை. அளக்கவியலாத பொருளை விற்கும் வணிகத்தில் விற்பவனின் வாய்மையே அளவுகோல். தன் அறிவால் அறியாதவனை ஏய்ப்பவனுக்கு எண்ணும் எழுத்தும் இருந்தும் அவை கண்கள் ஆகா.

முதியவர் வேறோர் எண்ணைத் தாங்கிய அதே காரில் வீடு திரும்பினார். வண்டி முன்போலவே ஓடிற்று.