இடையில் நிற்பவன்

கடைக்குத் தாமே செல்லாது, அடுத்த வீட்டுப் பையனை அனுப்பிப் பொருள் வாங்குவோர் உண்டு. கடைக்காரன் காண்பது பையனின் முகத்தையே. அனுப்பியவரை அவன் அறியான். இணையத்திலே இப்பணியைச் செய்வதுதான் 'புரொக்சி' என்னும் பதிலிச் சேவையகம். நமது கணினி வேண்டும் பக்கத்தை அது தன் முகவரியிலிருந்து கேட்டுப் பெற்று நமக்குத் தருகின்றது. அப்பக்கத்தின் படியொன்றைச் சேமித்து வைத்து, அடுத்தவர் கேட்கும்போது அதனையே கொடுப்பதும் உண்டு. ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தின் மென்பொருள் 1994இலேயே இவ்வசதியைக் கொண்டிருந்தது.

எமது மாணவருட் சிலர், தடுக்கப்பட்ட தளங்களைக் காண்பதற்கு, யாரோ இலவசமாக நடத்தும் பதிலிகளை நாடுகின்றனர். "எங்களை ஒருத்தருக்கும் தெரியாது, சேர்" என மகிழ்கின்றனர். கடைக்காரன் அறியாதிருக்கலாம், பையன் அறிவானன்றோ! முகவரி வெறும் 'எச்.ரி.ரி.பி.' எனத் தொடங்குமாயின், நாம் அனுப்பும் கடவுச்சொல்லையும் பதிலி வாசித்துவிடும். 'எச்.ரி.ரி.பி.எஸ்.' ஆயின், கடிதம் உறையிலிட்டு ஒட்டப்பட்டதற்கு ஒப்பாகும். ஆயினும் எத்தளத்துக்குச் சென்றோம் என்பதைப் பதிலி அறியும். சான்றிதழ் பிழையென உலாவி எச்சரித்தால், அங்கேயே திரும்பிவிடுதல் நன்று.

ஆளை அறியாது பணப்பையைக் கொடுத்தனுப்புவார் உண்டோ? இதனைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.