பத்து என்றால் பதினெட்டு

நான் குடியிருப்பது நியூ ஜெர்சியில், பிஸ்கேட்டவே பக்கம். சனிக்கிழமைகளில் மளிகைக் கடைக்குக் கிளம்பும் முன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு உள்ளூரில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். இருந்தால் வாகன நெரிசலில் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கு ஒரு மணி நேரம் போய்விடும். 2024 அக்டோபரில் அப்படி மாட்டிக்கொண்ட ஒரு நாள், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து யு.சி.எல்.ஏ. அணி வந்திருந்தது. நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு, நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி, ‘வட்டார’ ஆட்டம் ஆட வந்திருக்கிறார்கள். காருக்குள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் இந்த விஷயம் பிடித்துக்கொண்டது. அதன்பின் கைக்கு வந்தபோது எழுதி வைத்தவை இவை.

*

இங்கே ‘கான்ஃபரன்ஸ்’ என்பார்கள். நம் அரசியல் சொல்லில் கூட்டணி. அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து, ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடிக்கொள்ள ஏற்படுத்திய அமைப்பு. 1896-இல் சிகாகோவைச் சுற்றியிருந்த ஏழு பல்கலைக்கழகங்கள் தொடங்கியதுதான் இன்றைய பிக் டென். ‘பெரிய பத்து’ என்று பொருள். இன்று அதில் 18 பேர். ‘பிக் 12’ என்று இன்னொன்று உண்டு, அதில் 16 பேர். 2011-இல் இன்னும் வேடிக்கை: பிக் டெனில் 12 பேரும் பிக் 12-இல் 10 பேரும் இருந்தார்கள். பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டுமே சரியாகியிருக்கும்.

பென் ஸ்டேட் 1990-இல் சேர்ந்து எண்ணிக்கை பதினொன்று ஆனபோது, சின்னத்தின் எழுத்துகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் 11 என்ற எண்ணை ஒளித்து வைத்தார்கள். அப்போது கொஞ்சம் வெட்கம் மிச்சமிருந்தது.

*

18 போதுமா, 20 ஆக்கலாமா? பருவத்துக்குப் பருவம் கிளம்பும் பேச்சு. சேர்ப்பதா வேண்டாமா என்று வாதிடுபவர்கள் எல்லோரும் வருகிறவன் என்ன கொண்டுவருவான் என்றே கேட்கிறார்கள். அவன் வந்தால் யாரோடு ஆடுவது நின்றுபோகும் என்று கேட்பவர் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். பத்து அணிகள் இருந்தால் 45 ஜோடிகள். ஒவ்வோர் அணியும் கூட்டணிக்குள் 9 ஆட்டம் ஆடினால் 45 ஜோடியும் மோதி முடித்துவிடும். எல்லோரும் எல்லோரோடும். 18 அணிகள் என்றால் 153 ஜோடிகள். அதே 9 ஆட்டம்தான், ஏனென்றால் பருவம் நீளவில்லை. மொத்தம் 81 ஆட்டம். 72 ஜோடிகள் அந்த ஆண்டு ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள். இருபதாக்கினால் 190 ஜோடிகள், 90 ஆட்டங்கள், மோதாமல் போவது 100.

அதாவது இருபதைத் தொடும்போது, மோதும் ஜோடிகளைவிட மோதாத ஜோடிகள் அதிகம். அதற்குப் பிறகும் அதைக் கூட்டணி என்பது கல்யாண மண்டபத்தில் கூடிய எல்லோரையும் சொந்தக்காரர்கள் என்பதுபோல.

*

பணத்தின் பக்கம். 1984 வரை கல்லூரிக் கால்பந்து ஒளிபரப்பு முழுவதும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் கையில். அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியை உடைத்தது. அதை மறுத்துத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். அவரே கொலராடோவில் கொடிகட்டிப் பறந்த கால்பந்து வீரர். அதன்பின் அவரவர் ஆட்டத்தை அவரவர் விற்கலாம் என்றானது. தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் விலை கூடியது. இன்றைய விரிவாக்க வெறிக்கெல்லாம் விதை அங்கே விழுந்தது.

2007-இல் பிக் டென் தனக்கென்று ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது. அது எந்த மாநிலத்தில் அடிப்படைக் கேபிள் கட்டுக்குள் நுழைகிறதோ, அங்கே ஆட்டம் பார்க்கிறவன், பார்க்காதவன் எல்லோர் கட்டணத்திலிருந்தும் மாதாமாதம் சில்லறை விழும். 2012-இல் ரட்கர்ஸுக்கு அழைப்பு வந்த ரகசியம் இதுதான். ரட்கர்ஸ் சாதாரண இடமில்லை. 1869 நவம்பரில் அமெரிக்காவின் முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் நடந்ததே இங்கேதான். பிரின்ஸ்டனை 6–4 என்று வென்றார்கள். ஆனால் பிக் டென் அந்தப் பெருமைக்காக வரவில்லை. நியூயார்க் சுற்று வட்டாரத்து வீடுகளுக்காக வந்தது. சீரியல் பார்க்க மட்டும் கேபிள் வைத்திருந்த எங்கள் வட்டாரத்து மாமிகளும் அதில் அடக்கம்.

பிறகு கேபிளைத் துண்டிக்கிறவர்கள் பெருகினார்கள். வீட்டை எண்ணிச் சேர்த்த அணி அப்படியே இருக்கிறது. வீடுகள் குறைகின்றன.

*

ரட்கர்ஸோடு கூடவே வந்த மேரிலாண்டின் கதை இன்னும் துயரம். 1953-இல் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டணியைத் தொடங்கியவர்களில் ஒருவர். டியூக், நார்த் கரோலைனா அணிகளோடு கூடைப்பந்தில் அரை நூற்றாண்டுப் பகை. பகை என்றால் பாசம் கலந்த பங்காளிப் பகை. 2012-இல் பணமில்லை என்று ஏழு விளையாட்டு அணிகளைக் கலைத்தார்கள். சில மாதங்களில் பிக் டெனுக்குப் போகிறோம் என்று அறிவிப்பு. பழைய கூட்டணி வெளியேறும் கட்டணமாக ஐந்து கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில் 3.14 கோடிக்கு முடிந்தது. கடன்காரனை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இப்போதைய அட்டவணையில் ஆண்டுதோறும் கட்டாயம் ஆடவேண்டிய பகை ஆட்டமாக மேரிலாண்டுக்கு வாய்த்திருப்பது ரட்கர்ஸ். பந்திக்கு ஒன்றாக வந்த இருவரை எதிரெதிரே உட்காரவைத்தாற்போல.

*

அந்தக் கட்டாயப் பட்டியலில் மொத்தம் 12 ஆட்டங்கள். மிஷிகன்–ஒஹையோ ஸ்டேட் உண்டு. ஓரிகன்–வாஷிங்டன் உண்டு. மிஷிகன்–மின்னசோட்டா இல்லை.

1903-இல் மின்னியாபொலிஸுக்கு ஆடப்போன மிஷிகன் அணி, குடிதண்ணீருக்காக அந்த ஊர்க் கடையிலேயே 30 சென்ட் கொடுத்து ஒரு ஜாடி வாங்கியது. ஆட்டம் 6–6 என்று சமனில் முடிந்தது. கிளம்பும் அவசரத்தில் ஜாடியை விட்டுவிட்டுப் போனார்கள். மின்னசோட்டாக்காரர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டுமானால் ஜெயித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் இருந்தார்கள். அன்றுமுதல் ஜெயிக்கிறவர் கையில் ஜாடி. 30 சென்ட் ஜாடிக்காக நூறு ஆண்டுக்கு மேல் அடித்துக்கொண்டார்கள் என்றால், இந்த விளையாட்டில் எது விலைபோகும், எது போகாது என்று புரிகிறது. எந்தத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் இப்படி ஒன்றைச் செய்துதர முடியாது. பட்டியலிலிருந்து விட மட்டும் முடியும்.

*

இலை போட்டாகிவிட்டது, ஆனால் பரிமாறமாட்டோம் என்றால் யாராவது பந்தியில் உட்காருவார்களா? உட்கார்ந்தார்கள். டல்லாஸின் எஸ்.எம்.யூ. 2024-இல் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டணியில் சேர்ந்தபோது, ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பணத்தில் பங்கே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது. பழைய மாணவர்களில் எண்ணெய்ப் பணமும் நிலப் பணமும் உள்ளவர்கள் அதிகம், அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். முதல் பருவத்திலேயே கூட்டணியின் இறுதி ஆட்டம் வரை போய், கிளெம்சனிடம் 34–31 என்று தோற்றார்கள்.

இதே எஸ்.எம்.யூ.வுக்கு 1987-இல் ஒரு முழுப் பருவமே ரத்து. வீரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்த குற்றம். 2025-இலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முப்பத்தெட்டு ஆண்டு முன்னதாகச் செய்ததுதான் அவர்கள் பிழை.

அதே நேரம் அதே கூட்டணியில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏழு ஆண்டுகளுக்கு 30 சதவீதப் பங்குக்குச் சேர்ந்தன. பசிபிக் கரைக் கல்லூரிகள் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில்! பாவம் பெர்க்லி. அதன் உடன்பிறப்பான யு.சி.எல்.ஏ. பிக் டெனுக்குத் தாவியதால் வந்த இழப்புக்கு, ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் பெர்க்லிக்குக் கொடுக்கவேண்டும் என்று மாநிலப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு விதித்திருக்கிறது. இங்குள்ள பத்திரிகைக்காரர்கள் அதை ஜீவனாம்சம் என்று கேலி செய்கிறார்கள்.

*

அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதைகள் இருக்கின்றன. 1932-இல் சதர்ன் கான்ஃபரன்ஸில் 23 பேர். அதிலிருந்து 13 பேர் பிரிந்து போனார்கள், இன்றைய எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) அப்படிப் பிறந்தது. 1996-இல் வெஸ்டர்ன் அத்லெடிக் கான்ஃபரன்ஸ் 16 ஆக வீங்கியது. ஹவாயிலிருந்து ஓக்லஹோமா வரை. நாலு நாலாகப் பிரித்து, சுழற்சி முறையில் மாற்றி மாற்றி ஆடவைத்தார்கள். யார் யாரோடு எப்போது ஆடுவார்கள் என்று ரசிகனுக்குப் பஞ்சாங்கம் வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டில் ஐந்து பல்கலைக்கழகத் தலைவர்கள் டென்வர் விமான நிலையத்தில் கூடிப் பேசினார்கள். எட்டுப் பேர் வெளியேறி மவுன்டன் வெஸ்ட் தொடங்கினார்கள். எஞ்சியது தேய்ந்து தேய்ந்து, 2012-க்குப் பிறகு கால்பந்தையே விட்டது.

*

எனக்கு எதிரான சாட்சியையும் எழுதிவிட வேண்டும்.

2021 ஜூலையில் டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போகிறோம் என்றதும் பிக் 12-க்கு மூச்சு முட்டியது. அப்போது மேற்குக் கரையின் பாக்-12 நினைத்திருந்தால் மிச்சமிருந்தவர்களில் நல்லவர்களைப் பொறுக்கி எடுத்திருக்கலாம். ஆகஸ்டில் அது, விரிவாக்கம் வேண்டாம் என்று கௌரவமாக அறிவித்தது. பிக் 12 செப்டம்பரில் நான்கு பேரை அழைத்தது. அடுத்த ஆண்டே முந்திக்கொண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தையும் முடித்தது. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து அணிகள் பாக்-12-ஐ விட்டுப் போயின. 1915-இல் தொடங்கிய கூட்டணியில் 2024-இல் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

ஆக, சேர்க்காதவன் செத்தான் என்று சொல்லலாம். முழுக்க ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பாக்-12-இன் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டெனுக்குப் போகிறோம் என்று 2022-இலேயே சொல்லிவிட்டன. இரண்டு தூண் சாய்ந்த வீட்டில் நாலு திண்ணை கட்டியிருந்தால் நின்றிருக்குமா? இருந்தாலும் கடைசியில் மிஞ்சிய அந்த இரண்டு அணிகளின் ரசிகன் ஒருவன் எதிரே வந்து நின்றால், என் 45 ஜோடிக் கணக்கை அவனிடம் காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

*

நண்பர் மகள் ஒருத்தி இப்படித் தூரம் போகும் கூட்டணி ஒன்றில் வாலிபால் ஆடுகிறாள். கால்பந்துக்காரர்களுக்கு வாரம் ஒரு ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை. இவளுக்கு வாரத்தில் இரண்டு. “புதன் கிழமை கிளம்புனா திங்கக்கிழமை கிளாஸுக்குத்தான் அங்கிள் திரும்புவேன். டைம் ஸோனே குழம்பிடுது” என்றாள். விமான நிலையத்தில் கணக்குப் பரீட்சை எழுதினாளாம். தொலைக்காட்சிக்காரன் காசு கொடுத்தது கால்பந்துக்கு. பயணப் பை தூக்குவது வாலிபாலும் நீச்சலும் சாஃப்ட்பாலும்.

*

நோட்டர் டேம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். 1999-இல் பிக் டென் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்ற கல்லூரி அது. 1991 முதல் என்.பி.சி.யோடு தனி ஒப்பந்தம். கால்பந்தில் தனிக்கட்டை, மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டணியோடு. தேர்தல் வந்தால் தனித்து நிற்பது, உள்ளாட்சிக்கு மட்டும் கூட்டு என்பது நமக்குப் பழக்கமான ஏற்பாடுதானே.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு வழி தெரிகிறது. கால்பந்து தனி, மற்றவை தனி. நோட்டர் டேமால் முடிகிறது என்றால் மற்றவர்களாலும் முடியும். கால்பந்தை மட்டும் கடல் தாண்டியும் விற்றுக்கொள்ளட்டும். வாலிபால் பெண்கள் பஸ்ஸில் போய் ராத்திரி வீடு திரும்பும் தூரத்தில் ஆடட்டும்.

இருபதாவது இலைக்கு என் ஓட்டு இல்லை. நோட்டர் டேமே வந்து வாசலில் நின்றாலும் இல்லை.

*

2024-இல் 27–24 என்று ஜெயித்து ஜாடியை மிஷிகன் வைத்துக்கொண்டது. 2025 அட்டவணையில் மிஷிகனுக்கும் மின்னசோட்டாவுக்கும் ஆட்டம் போடவில்லை.