ஏப்ரல் 30 யாருடைய கெடு?

2018 ஏப்ரல் 7, சனி. எடிசன், நியூ ஜெர்சி

வீட்டுக் கணக்கு எழுதும் குவிக்கன் மென்பொருளைத் திறந்தால் கணக்குக்கு முன்னால் ஓர் அறிவிப்புதான் வந்து நிற்கிறது. 2015 பதிப்புக்கான இணையச் சேவைகள் ஏப்ரல் 30 உடன் நிறுத்தப்படும், புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. "பிறகு பார்க்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் மூடிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

மூன்று ஆண்டு ஆனதும் பழைய பதிப்பின் இணைய வசதியைத் துண்டிப்பது இவர்களுடைய பழைய வழக்கம். இதுவரை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பெட்டியை வாங்கி வந்திருக்கிறோம். இந்த முறை விஷயம் வேறு. 2018 பதிப்பிலிருந்து ஒரேயடியாக வாங்குவது என்பதே கிடையாது, ஆண்டுச் சந்தாதான். நாங்கள் பயன்படுத்தும் டீலக்ஸுக்கு ஆண்டுக்கு 49.99 டாலர். பங்கு முதலீடு அதிகம் உள்ளவர்களுக்கான பிரீமியர் 74.99.

இவரிடம் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்பது டாலர்தானே, போட்டுடு. ஓக் ட்ரீ ரோட்ல ஒரு தடவை சாப்பிட்டா ஆகுற காசு" என்றார். எதையும் ஓட்டல் பில்லோடு ஒப்பிட்டால் எல்லாம் மலிவாகத்தான் தெரியும். டிவிக்கு, பாட்டுக்கு, போட்டோ சேமிக்க என்று இந்த வீட்டில் ஓடும் மாதச் சந்தாக்கள் எல்லாமே இப்படி "தானே" போட்டு உள்ளே வந்தவைதான்.

ஏப்ரல் 8, ஞாயிறு

நாள் முழுக்க வரி வேலை. இந்த வேலைக்குக் குவிக்கன் எதில் கைகொடுக்கிறது என்று இன்று கவனித்துக்கொண்டே செய்தேன்.

சம்பளத்துக்கு டபிள்யூ-2, வங்கி வட்டிக்கு 1099, பங்கு விற்றதற்குத் தரகு நிறுவனத்தின் தாள். அமெரிக்கப் பக்கத்துக் கணக்கெல்லாம் தானாகவே அச்சாகி வந்துவிடுகிறது. மண்டை காய்வது இந்தியப் பக்கத்தில்தான். திருச்சி வங்கியில் வெளிநாடு வாழ் இந்தியர் என்ற முறையில் வைத்திருக்கும் என்ஆர்ஓ வைப்புகளின் வட்டிக்கு அங்கே 30 சதவீதத்துக்கு மேல் டிடிஎஸ் பிடித்துவிடுகிறார்கள். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரியே இல்லை, ஆனால் இங்கே உண்டு. அங்கே நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, இங்கே ஜனவரியில். வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் அவர்கள் ஆண்டுக்கானது. அதனால் 2017இன் கணக்குக்கு இரண்டு நிதியாண்டுகளின் சான்றிதழ்களையும் விரித்துவைத்து, ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்றிலிருந்தும், ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மற்றதிலிருந்தும் வெட்டி ஒட்ட வேண்டும்.

குவிக்கனில் அந்த வைப்புகளை ரூபாய்க் கணக்காகவே வைத்திருக்கிறேன். வட்டி விழுந்த தேதி, பிடித்த வரி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. 2017 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று அறிக்கை கேட்டால் ஒரு நொடியில் கொடுத்துவிடுகிறது. எஃப்பாருக்கும் அப்படித்தான். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டின் ஏதாவது ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால் அந்தப் படிவம் போட வேண்டும், ஒவ்வொரு கணக்கிலும் அந்த ஆண்டில் இருந்த அதிகபட்ச இருப்பைச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் இருப்புப் பத்தியைக் கண்ணால் ஓட்டினாலே கிடைத்துவிடும்.

இவற்றில் ஒரு வரிகூட இணையத்தில் இறங்கியதில்லை. திருச்சிக் கிளையிலிருந்து குவிக்கனுக்குக் குழாய் கிடையாது. எல்லாம் நான் கையால் அடித்தது.

ஏப்ரல் 14, சனி

விளம்பி வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ ஊரிலிருந்து வந்த பொட்டலத்தில் மிச்சம் இருந்தது. அப்பாவிடம் பேசும்போது, ஒரு வைப்பு முதிர்ந்துவிட்டது, அதையே புதுப்பித்துவிட்டேன் என்றார். "ரசீது நம்பர் சொல்லட்டுமாம்மா?" என்றார். எழுதிக்கொண்டேன். சாயங்காலம் கணக்கில் ஏற்றியாயிற்று.

ஏப்ரல் 15, ஞாயிறு

மாதக் கடைசிக்குப் பிறகு எது நிற்கும், எது நிற்காது என்று பொறுமையாகப் படித்தேன். நிற்பவை: வங்கியிலிருந்தும் கார்டிலிருந்தும் வரவு செலவு இறங்குவது, மென்பொருளுக்குள்ளிருந்தே பில் கட்டுவது, பங்கு விலை தானாகப் புதுப்பிப்பது, தொலைபேசி உதவி. வங்கித் தளத்துக்குப் போய் நாமே க்யூஎஃப்எக்ஸ் கோப்பை இறக்கி வந்து கொடுத்தாலும் ஏற்காதாம். இது கொஞ்சம் அநியாயம். என் கணினியில் இருக்கும் கோப்பை என் கணினியில் இருக்கும் மென்பொருள் படிப்பதற்கு அவர்கள் சர்வருக்கு என்ன வேலை? நிற்காதவை: பதிவேடு, வகைப்பாடு, அறிக்கைகள், ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்ப்பது, இத்தனை ஆண்டு விவரம்.

சந்தா கேட்பதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான வங்கிகளோடு இணைப்பை உயிரோடு வைத்திருப்பது ஒருமுறை எழுதி முடித்துவிடும் நிரல் இல்லை. வங்கி தன் தளத்தை மாற்றினால் இவர்களும் மாற்ற வேண்டும். அதற்கு வருஷா வருஷம் செலவுண்டு. 2016இல் இன்ட்யூட் நிறுவனம் குவிக்கனை எச்.ஐ.ஜி. கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. தனியாக நிற்கும் நிறுவனம் நிலையான வருமானத்தைத் தேடத்தான் செய்யும். என் கேள்வி, அந்தக் குழாயால் எனக்கு எவ்வளவு பயன் என்பதுதான்.

ஏப்ரல் 18, புதன்

நேற்று வரி தாக்கலுக்குக் கடைசி நாள். ஐஆர்எஸ்ஸின் மின்தாக்கல் அமைப்பு அன்றைக்கென்று பார்த்துப் படுத்துவிட, இன்று நள்ளிரவு வரை ஒரு நாள் கூடக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் ஞாயிறன்றே அனுப்பிவிட்டோம். கடைசி நாள் என்பதும் எவ்வளவு கறாரோ அவ்வளவு நெகிழ்வு போலிருக்கிறது.

ஏப்ரல் 22, ஞாயிறு

மாற்று ஏதாவது உண்டா என்று தேடினேன்.

மின்ட் இலவசம். இன்ட்யூட் 2009இல் 170 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. குவிக்கனை விற்றவர்கள் இதைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். கார்டு விளம்பரங்களால் ஓடும் வண்டி. என் திருச்சி வைப்புக்கு அதில் இடமில்லை, முடிந்தது கதை. மைக்ரோசாஃப்ட் மணி 2009இலேயே விற்பனை நின்றுபோனது. இணைய வசதி நீக்கிய கடைசிப் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கடையை மூடினார்கள். அலுவலகத்தில் ஒரு தோழி இன்னமும் அதில்தான் எழுதுகிறாள். இணையம் இல்லாமல் இத்தனை ஆண்டா என்று கேட்டதற்கு, "கணக்குக்கு எதுக்குப்பா இன்டர்நெட்?" என்றாள்.

குனூகேஷ் இலவசம், திறமூலம், முறையான இரட்டைப் பதிவு. இதற்குத்தான் மனம் தாவியது. குவிக்கனிலிருந்து க்யூஐஎஃப் கோப்பாக எடுத்து அதில் கொட்டிப் பார்த்தேன். க்யூஐஎஃப்பில் தொகை உண்டு, நாணயம் எது என்று சொல்ல இடம் கிடையாது. மொத்தக் கோப்புக்கும் ஒரே நாணயம் கேட்டது, டாலர் என்றேன். அப்பா பெயரில் தொடங்கிக் கொடுத்த இரண்டு லட்ச ரூபாய் வைப்பு, இரண்டு லட்ச டாலராக எழுந்து உட்கார்ந்துவிட்டது. இவர் எட்டிப்பார்த்துவிட்டு, "இதையே வெச்சுக்கோ, நல்லா இருக்கு" என்றார். ரூபாய்க் கணக்குகளைத் தனித் தனியாக ஏற்றினால் சரிசெய்யலாம். பங்குக் கணக்குகளையும் அதன் பிறகு சரிபார்க்க வேண்டும். கோடை விடுமுறை வேலை.

ஏப்ரல் 29, ஞாயிறு

நாளை கெடு. பதற்றப்படவில்லை, காரணம் இதுதான். புதிய பதிப்பு என் கோப்பைத் திறந்ததும் அதைத் தன் வடிவுக்கு மாற்றிவிடும். அதன்பின் பழைய பதிப்பால் அதைத் திறக்க முடியாது. மாற்றத்துக்கு முந்தைய நகல் இருக்கும்தான், ஆனால் மாறிய நாளிலிருந்து எழுதியதெல்லாம் அதில் இருக்காது. சந்தா தீர்ந்தாலும் டீலக்ஸில் கையால் எழுதலாம், பார்க்கலாம் என்று சொல்கிறார்கள். ஸ்டார்ட்டரில் பார்க்க மட்டும்தானாம். ஆக, போனால் திரும்பி வருவது கஷ்டம். போகாமல் இருந்தாலோ, ஜூலையில் போகலாம், அடுத்த ஜனவரியில் போகலாம், 2015 கோப்பை அன்றும் அது ஏற்கும். 30ஆம் தேதி அவர்கள் சர்வருக்கான கெடு. என் கணக்குக்கு எந்தத் தேதியும் இல்லை.

அதனால் முடிவை மூன்று மாதம் தள்ளிப்போட்டிருக்கிறேன். அதுவரை கார்டையும் கையால் அடித்துப் பார்ப்பது. இன்று இரவே கோப்பை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்தேன். நிறுவும் கோப்பையும் சேர்த்து. லேப்டாப் செத்தால் பழைய பதிப்பை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

மே 19, சனி

முதல் மாத கார்டு ஸ்டேட்மென்ட். காலைக் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தேன், எழுந்தபோது சாம்பாருக்குப் பருப்பு வைக்கும் நேரம்.

எங்கே நேரம் போனது என்று பார்த்தால் வேடிக்கை. பெட்ரோல், ரயில் பாஸ், போன் பில் போன்ற ஒற்றை வரிகளை மளமளவென்று அடித்துவிட்டேன். அவற்றைக் குவிக்கனே பழைய பதிவிலிருந்து நினைவுகூர்ந்து நிரப்பியும் விடுகிறது. இழுத்தடித்தது அமேசானும் காஸ்ட்கோவும். அமேசான் வரி ஒன்றில் பையனின் ஜியோமெட்ரி பாக்ஸ், குக்கர் காஸ்கெட், இவருடைய ஹெட்போன். காஸ்ட்கோவில் பாலும் கார் டயரும் ஒரே தொகையில். இதைப் பிரித்துப் பள்ளிக்கு இவ்வளவு, சமையலறைக்கு இவ்வளவு என்று போட வேண்டும். இணையத்தில் இறங்கியபோதும் இதை நான்தான் பிரித்தேன், அல்லது சோம்பலில் "பலசரக்கு" என்று தள்ளிவிட்டேன். 49.99 கொடுத்தால் மிச்சமாவது மளமளவென்று அடித்த அந்தப் பகுதி மட்டும்தான்.

ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே கணக்கின் விலைகளை மாதத்துக்கு ஒருமுறை கையால் போட்டால் போதும். தினமும் பார்த்துத்தான் என்ன செய்யப்போகிறேன்.

"அப்போ வாங்கலையா?" என்றார் இவர்.

"ஆகஸ்ட்ல சொல்றேன். அதுவரைக்கும் அந்த ஹெட்போன் எந்தத் தலைப்புல போடணும்னு நீங்க சொல்லுங்க."