அடுப்புக்கும் மூச்சு வேண்டும்!

"வீட்டுலே அடுப்பு மூட்டுறது போதாதுன்னு வண்டியிலே வேற அடுப்பா? ஜாக்கிரதைடி!" என்று தஞ்சாவூரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்தேன். 'பாவம், இங்கிலாந்துக் குளிரைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும்?' என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு ராத்திரி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கல்யாணமாகி 2003ல் கவென்ட்ரிக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு ஊர் சுற்றுவதில் கொள்ளை ஆசை. ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது என்று 2019ல் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினார். நம்மூர் வேன் மாதிரி, ஆனால் கொஞ்சம் நீளம். உள்ளேயே படுக்கை, சின்ன சமையல் மேடை, குளியலறை எல்லாம் உண்டு. நானும் பொடி டப்பா, ஊறுகாய் பாட்டில் சகிதம் குடித்தனத்தை அதில் ஏற்றிவிட்டேன். வெயில் காலமெல்லாம் ஆனந்தமாகத்தான் போயிற்று. குளிர் காலம் வந்தால் மட்டும் வண்டி வாசலில் சும்மா நிற்கும். "ஒரு விறகு அடுப்பு வெச்சுட்டா வருஷம் பூரா போகலாம்" என்று ஆரம்பித்தார் இவர்.

2021ல் அடுப்பு வாங்கப் போனோம். சாதாரணமாக என்ன நினைப்போம்? 'பெரிய அடுப்பு, நல்ல சூடு' என்றுதானே? இவர் 5 கிலோவாட் அடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. கடையில் இருந்த பெரியவர் தலையை ஆட்டிவிட்டார். "உங்கள் வண்டி அளவுக்கு 3 கிலோவாட்டே தாராளம். பெரிய அடுப்பை வைத்தால் அரை மணியில் உள்ளே வெந்து போவீர்கள். உடனே காற்றைக் குறைத்து அடுப்பை அடக்கி வைப்பீர்கள். அடக்கி வைத்த அடுப்பு எரியாது, புகையும். சின்ன அடுப்பைக் கொழுந்து விட்டு எரிய விடுவதுதான் நல்லது" என்றார். நியாயம்தானே? பொங்கல் பானையில் இரண்டு பேருக்கு ரசம் வைப்பார்களா யாராவது!

அடுப்பு பொருத்துவதும் லேசுப்பட்ட காரியமில்லை. அனுபவமுள்ள ஆளை வைத்துத்தான் செய்தோம். ஓடுகிற வண்டியாயிற்றே, அடுப்பைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினார். அடியில் தீப்பிடிக்காத கல் பலகை. பின்சுவரில் உலோகத் தகடு, அதற்கும் சுவருக்கும் நடுவே காற்றோட இடைவெளி. மரம், துணி, மெத்தை எல்லாம் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று அடுப்போடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததை டேப் வைத்து அளந்தார். கூரையைத் துளைத்துப் போகிற புகைக்குழாய் இரட்டைச் சுவர் கொண்டது; நடுவில் சூடு தாங்கும் பஞ்சு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்தோம்.

எல்லாம் முடிந்ததும் அவர் கதவோரம் தரையில் இருந்த ஜாலித் துவாரத்தைக் காட்டினார். "இதை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். அடுப்புக்குக் காற்று இது வழியாகத்தான் வருகிறது. உங்கள் சமையல் கேஸ் எப்போதாவது கசிந்தால், அது காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும், வெளியே போவதும் இது வழியாகத்தான்" என்றார். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். கேட்டேன், ஆனால் மனசில் வாங்கவில்லை!

2022 டிசம்பர் இரண்டாம் வாரம். பெரியவளுக்கு 15 வயசு, சின்னவனுக்கு 8. சனி ஞாயிறு இரண்டு நாளுக்கு வேல்ஸில் ஸ்னோடோனியா மலைப் பக்கம் போனோம். வழியில் ஒரு தோட்டத்து வாசலில் விறகுக் கட்டு மலிவாகக் கிடைத்தது. எப்போதும் வாங்குகிற விலையில் பாதிதான்! விடுவேனா? இரண்டு கட்டு வாங்கச் சொன்னேன்.

ராத்திரி அடுப்பில் வைத்தால், அந்த விறகு 'உஸ்' என்று சீறிற்று. நுனியில் நுரை தள்ளிற்று. ஈர விறகு! ஊரில் அம்மா இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். 'டக்'கென்று கேட்டால் காய்ந்தது, 'தொப்'பென்றால் ஈரம். அந்த வித்தை தெரிந்த நானா மலிவைப் பார்த்து ஏமாந்தேன்! சரி, எரிகிற வரை எரியட்டும் என்று விட்டுவிட்டோம்.

வெளியே எலும்பை உறைய வைக்கிற குளிர். பத்து மணிக்கு இவர், "விடிய விடிய தணல் இருக்கட்டும்" என்று அடுப்பின் காற்றுத் திருகை ஏறக்குறைய முழுசாக மூடிவிட்டுப் படுத்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்னவன் காலைத் தொட்டால் ஐஸ். தரைத் துவாரத்தின் வழியாகச் சிலுசிலுவென்று காற்று. ஒரு நிமிஷம் யோசித்தேன். 'ஒரு ராத்திரிதானே...' என்று ஒரு டவலைச் சுருட்டி அந்தத் துவாரத்தில் அடைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைக்குக் குளிரக் கூடாது. அந்த நேரத்தில் வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

நடுநிசி தாண்டிச் சின்னவன், "தலை வலிக்குதும்மா" என்று முனகினான். நெற்றியில் தைலம் தடவினேன். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான். சாயங்காலம் தின்ற மசால் வடைதான் காரணம் என்று நினைத்தேன். எனக்கும் தலை பாரமாக, கால் துவண்டு கிடந்தது. பிரயாண அலுப்பு என்று நினைத்தேன். பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கிறது நம்மிடம்!

திடீரென்று அலாரம் 'கீச் கீச்' என்று கத்திற்று. நான் தாளிக்கும்போதெல்லாம் கூரையில் இருக்கிற புகை அலாரம் கத்துவது வழக்கம். அதுதான் என்று நினைத்து, பட்டனை அழுத்தி அதன் வாயை அடைக்க எழுந்தேன். எழுந்தவளுக்குத் தலை சுற்றிற்று. அப்போது பெரியவள், "அம்மா, அது இல்லை! கார்பன் மோனாக்சைடு அலாரம்மா!" என்று கத்தினாள். கதவைத் திறந்தவளும் அவள்தான். இவரை உலுக்கி எழுப்பி, சின்னவனைப் போர்வையோடு வாரிக்கொண்டு நாலு பேரும் பனியில் வந்து விழுந்தோம்.

முகாமின் சொந்தக்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். "இந்த நிலையில் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது" என்று தன் காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. விறகோ, கரியோ, கேஸோ போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்தால் உண்டாவது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இந்த வாயுவோடு 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடுகிறோம், ஆனால் உடம்புக்குப் பிராணவாயு போய்ச் சேராது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் ரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகுமாம். ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடும். அதனால்தான் அந்த முகமூடி.

டாக்டர் அம்மாள் சொன்ன இன்னொரு விஷயத்தை இளம் தாய்மார்கள் அவசியம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் இது முதலில் தாக்கும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் இருக்கிற சிசுவுக்கும் ஆபத்து. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அசதி என்று ஃப்ளூ மாதிரியே இருக்கும். ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் ஒரே சமயத்தில் எல்லோருக்கும் வந்து, வெளியே போனால் தெளிந்தால், சந்தேகப்பட வேண்டும். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஒரு கிளிப், அதை நம்பவே கூடாது. இந்த வாயு ஏறியிருந்தாலும் அது 'நார்மல்' என்றே காட்டுமாம்!

"வண்டியில் காற்றுக்கு வழி இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று. சின்னவன் முகத்தைப் பார்த்தேன். "நான்தான் டவலை வைத்து அடைத்தேன்" என்று சொல்லிவிட்டு அழுதேன். இவர் திட்டுவார் என்று நினைத்தேன். "நானும்தான் காத்தைத் திருகி மூடினேன். நான் அடுப்பை மூடினேன், நீ தரையை மூடினே. விடு" என்றார். கண்ணீர் இன்னும் அதிகமாயிற்று.

சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, தெய்வ புண்ணியம். பிற்பாடு ஆளைக் கூப்பிட்டு அடுப்பைச் சோதித்தோம். ஈர விறகின் புகை குழாயின் உள்பக்கம் தார் மாதிரி அப்பி, பாதி வழியை அடைத்திருந்தது. அதுவே தீப்பிடிக்கவும் செய்யுமாம். அடுப்புக் கதவைச் சுற்றி இருக்கிற கயிற்றுப் பட்டையும் தேய்ந்திருந்தது.

"அந்த அடுப்பைத் தூக்கிப் போட்டீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. அடுப்பின் மேல் என்ன தப்பு? எங்கள் பழக்கத்தைத்தான் மாற்றிக்கொண்டோம்.

இப்போது விறகு வாங்கும்போது ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இல்லாத விறகாகப் பார்த்து வாங்குகிறேன். 2021 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் சின்னக் கட்டுகளாக விற்கிற விறகு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. ஈரம் பார்க்கும் சின்ன மீட்டரும் வைத்திருக்கிறேன்.

குளிர் காலம் ஆரம்பிக்கும் முன் குழாயைச் சுத்தம் செய்கிறோம். அடுப்பு ஆறியிருக்கும்போது கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றுப் பட்டையை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

வண்டி ஓடும்போது அடுப்பு எரியக் கூடாது. சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் அள்ளி வண்டிக்கு வெளியேதான் வைப்பேன். ஆறின மாதிரி தெரிகிற சாம்பலுக்குள் மறுநாள்கூடக் கங்கு இருக்கும்.

அலாரம் வாங்கும்போது 'இஎன் 50291-2' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் இருக்கிற அந்த 2 தான் வண்டிக்கும் படகுக்கும் ஏற்றது என்பதற்கு அடையாளம். வாயு கொஞ்சமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்துக் கத்தும். மிக அதிகமானால் 3 நிமிஷத்துக்குள் கத்திவிடும். நாங்கள் அதைப் படுக்கைப் பக்கம், தலை மட்டத்தில் மாட்டியிருக்கிறோம். ஒவ்வொரு பிரயாணத்துக்கும் முன் பட்டனை அழுத்திப் பார்ப்பது சின்னவன் டூட்டி!

எல்லாவற்றுக்கும் மேலாக, தூங்கும்போது நெருப்பு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். படுப்பதற்கு வெகு நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்தி, தணல் முழுக்க அணையும் வரை விழித்திருப்பேன். பிறகு கம்பளி உறை, கனத்த ரஜாய், காலடியில் வெந்நீர்ப் பை. சின்னவன் கால் ஐஸாக இருப்பதே இல்லை.

'மோட்டார் ஹோமும் இல்லை, விறகு அடுப்பும் இல்லை, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! பிள்ளை பெற்றவள் அறையில் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு நெருப்புச் சட்டி வைப்பதும், குழந்தைக்குச் சாம்பிராணி போட்ட தணலை அறைக்குள்ளேயே விட்டுவிடுவதும், காற்றே இல்லாத குளியலறையில் கேஸ் கீஸர் போடுவதும், ஊட்டி, கொடைக்கானல் போனால் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவதும் இதே கதைதான். குளிர் கூடக் கூட இடுக்குகளை அடைக்கத்தான் நமக்குக் கை போகும். அந்த நேரத்தில்தான் நெருப்புக்குக் காற்று தேவை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நம்ம சமையல்கட்டுலே ஓட்டு இடுக்கை ஏன் அடைக்காம விட்டிருந்தோம்னு நெனைச்சே? மழை ஒழுகினாலும் பரவாயில்லே, அடுப்புக்கும் மூச்சு வேணும்டி" என்றாள்.

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.