காக்கைக்கு வைத்த சோறு

வருகிற மார்கழியோடு கிளினிக்கை மூடிவிடுவது என்று அந்தக் கால்நடை மருத்துவர் முடிவெடுத்ததற்கு முட்டிவலி ஒரு காரணம். இன்னொன்றை அவர் வெளியே சொல்வதில்லை. போன மாதம் ஒருவர் தன் பக் நாயை மேசைமேல் ஏற்றிய கையோடு, "பார்க்கவெல்லாம் வேண்டாம் சார், இந்த மாத்திரையை மட்டும் எழுதிக் குடுங்க" என்று கைபேசியை நீட்டினார். திரையில் ஒக்லாசிட்டினிப் என்ற அரிப்பு மாத்திரை அட்டையின் படம். நாயின் காதைக்கூட அதுவரை யாரும் புரட்டிப் பார்த்திருக்கவில்லை.

அந்த மாத்திரைமேல் இவருக்குக் கோபமில்லை. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பிறகு இங்கும் வந்தபோது ஸ்டீராய்டைக் குறைக்க வழி கிடைத்ததே என்று முதலில் மகிழ்ந்தவர்களில் இவரும் ஒருவர். ஒரே நாளில் அரிப்பு அடங்கும். அடங்கிவிட்டால், எதனால் அரித்தது என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் இவருடைய வழக்கு.

இவர் படித்தது சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில். பூச்சியைத் தேடித் தோலைச் சுரண்டக் கற்றுத்தந்த பேராசிரியர், மாணவர் கொண்டுவரும் கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே திருப்பித் தந்துவிடுவார். "ரத்தம் கசியலையே. நீ சுரண்டலை, தடவியிருக்கே." டெமோடெக்ஸ் மயிர்க்காலின் குழிக்குள் குடியிருக்கும் பூச்சி; தோலைப் பிதுக்கி, ரத்தம் துளிர்க்கும்வரை சுரண்டாமல் "பூச்சி இல்லை" என்று எழுதுவது பொய்ச் சான்றிதழ். இவர் மேசையில் இன்றும் மழுங்கிய பிளேடும் லிக்விட் பாரஃபினும் முதலில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மருந்துச்சீட்டுப் புத்தகம் அதற்கு அடுத்துதான்.

அரிக்கும் இடமே பாதி விடை சொல்லிவிடும். வால் அடியும் பின்தொடையும் என்றால் தெள்ளுப்பூச்சி. சீப்பில் வந்த கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத்தாளில் போட்டால் செம்பழுப்பாகக் கரையும். தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம் அது. காது விளிம்பைக் கசக்கியதும் பின்னங்கால் தானாக உதைத்துக்கொண்டால் சொறிப்பூச்சியைத் தேட வேண்டும். பாதம், அக்குள், காது என்றால் ஒவ்வாதது தூசியா, தீனியா என்ற நீண்ட விசாரணை. வெள்ளை ஷிட்சூ நாயின் பாதமுடி துருப்பிடித்த நிறத்தில் இருந்தால், எத்தனை மாதம் நக்கியிருக்கிறது என்று யாரையும் கேட்கவே வேண்டியதில்லை.

2003-இல் ஒரு கைபேசி விளம்பரத்தில் வந்த பக் நாய், பையன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போனது. அதன் பிறகு இவருடைய கிளினிக்குக்கும் பக்குகள் வரிசையாக வந்தன, முகமடிப்பில் ஈஸ்ட் நாற்றத்தோடு. சின்ன நாய்களுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. வீட்டில் யாருக்கோ படர்தாமரைக்கு வாங்கிய, ஸ்டீராய்டும் கலந்த ட்யூப். நாலு கிலோ உடம்பில் தினமும் அதைத் தடவினால் தோல் உறிஞ்சுவது பாதி, நாக்கு நக்குவது மீதி. சில மாதத்தில் பானைவயிறும் தீராத தாகமுமாக வந்து நிற்கும்.

ஆனாலும் இத்தனை வருடத்தில் இவரை மண்டியிட வைத்தது பூச்சியுமில்லை, ஈஸ்டுமில்லை, தயிர்சாதம்.

அரிப்பு என்றால் நம் வீடுகளில் ஒரே தீர்ப்புதான்: உடம்புச் சூடு. தணிக்கத் தயிர்சாதம். நாய்களுக்கு ஒவ்வாத தீனிகளில் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை ஆகியவை முன்வரிசையில் நிற்பது யாருக்கும் தெரிவதில்லை. கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை உதவாது. புரதத்தைப் பொடியாகச் சிதைத்துச் செய்த தீனியை மட்டும் எட்டு வாரம் போட்டுப் பார்க்க வேண்டும். வேறொரு பருக்கைகூடக் கூடாது.

மயிலாப்பூரில் ஒரு வீடு. நாலு வயது பக். ஒரே வருடத்தில் மூன்று முறை காதில் சீழ். முதல் எட்டு வாரம் தோல்வி. பள்ளிக்கூடப் பையன் பிஸ்கட் போட்டிருந்தான். இரண்டாவதும் தோல்வி, உண்ணிக்காக மாதாமாதம் கொடுத்த, இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரையை இவரே நிறுத்த மறந்திருந்தார். அதை இன்றும் தன் கணக்கில்தான் எழுதுகிறார். மூன்றாவது முறை எல்லாம் சரியாக நடந்தும் நாய் பாதத்தை விடவில்லை. வீட்டார் முகத்தில் அலுப்பு. ஒருநாள் காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். பாட்டி மொட்டைமாடிக்குப் போக, நாய் பின்னாலேயே படியேறியது. கைப்பிடிச் சுவரில் தயிர் விட்டுப் பிசைந்த ஒரு கவளம். காகம் கொத்தியதில் பாதி கீழே சிதற, தரை இரண்டே நொடியில் சுத்தமானது.

"நான் நாய்க்கு ஒண்ணுமே குடுக்கலை டாக்டர்," என்றார் பாட்டி. "காக்காய்க்குத்தானே வெக்கறேன்."

காகத்துக்குச் சோறு நிற்கவில்லை, நாய் மாடியேறுவது நின்றது. நாலாவது முறை, ஏழாம் வாரத்தில் பாதம் காய்ந்தது. உறுதி செய்துகொள்ள ஒரு ஸ்பூன் தயிர் வைத்தார்கள். இரண்டாம் நாள் இரவு மறுபடி நக்கல் தொடங்கியது. அந்த நாய்க்கு அதன்பின் அரிப்பு மாத்திரையே தேவைப்படவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட ஓர் இளம் மருத்துவர், "அத்தனை மாசம் எவன் சார் காத்திருப்பான்? அடுத்த கிளினிக்குப் போயிடுவான்" என்றார். அது உண்மைதான், அதனால்தான் இவருக்கு வலிக்கிறது. தோலைச் சுரண்டினால் கட்டணம் கேட்க முடியாது, ஊசி போட்டால் கேட்கலாம். காதுக்குள் பஞ்சு விட்டு எடுத்த அழுக்கைச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும்; அதற்குள் வெளியே மூன்று பேர் செருப்பைத் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். மருந்து ஷாம்பூவை நுரையோடு பத்து நிமிடம் ஊறவிடச் சொன்னால், எத்தனை பேர் கடிகாரம் பார்க்கிறார்கள்? கிளினிக்கை எடுத்துக்கொள்ள வந்த இளைஞர் மேசை, குளிர்பெட்டி, எடைக்கருவி எல்லாவற்றுக்கும் விலை பேசினார். மைக்ரோஸ்கோப்புக்கு மட்டும் பேசவில்லை. அது இவர் வீட்டுக்குப் போகிறது.

மார்கழி வரை கிளினிக் திறந்திருக்கும். வருகிறவர்களிடம் இவர் கேட்பது ஒன்றே ஒன்று: டாக்டரிடம் போகிறோமே என்று முந்தின நாள் நாயைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அழைத்துவராதீர்கள். அழுக்கோடு வரட்டும்.